திருமலையில் பூந்தோட்டம் கண்ட அனந்தாழ்வான்

பங்குனித் திருத்தேர் உத்ஸவத்தைச் சேவிக்க நாமக்கல்லுக்கு வரும் அடியார்கள் பெரும்பாலும் வெறுங்கையுடன் வருவதில்லை. ஒரு முழம் மல்லிகை, ஒரு கொத்துத் துளசி, வீட்டுக் கொல்லையில் விடியற்காலையில் பறித்த நந்தியாவட்டை என்று எதையேனும் வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து, குடைவரையில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ நரசிம்ஹப் பெருமாளுக்கும் ஸ்ரீ நாமகிரித் தாயாருக்கும் ஸமர்ப்பிக்கிறார்கள். அர்ச்சகர் அதனைப் பெற்றுத் திருவடியில் சேர்த்த மாத்திரத்தில் அவர்கள் முகத்தில் ஒரு நிறைவு தோன்றுகிறது. அந்தப் பூவுக்குப் பின்னால் ஒரு செடி உண்டு. செடிக்குப் பின்னால் மண்ணும் நீரும் உண்டு. அவற்றுக்கும் பின்னால், குனிந்து உழைத்த ஒரு முதுகு உண்டு. பூவைச் சேவிப்பவர் பலர். அந்த முதுகை நினைப்பவர் சிலரே.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் புஷ்ப கைங்கர்யம் மிகவும் உயர்ந்த தொண்டாகக் கொண்டாடப்படுகிறது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருநந்தவனம் அமைத்து வடபெருங்கோயிலுடையானுக்கு மாலை கட்டி வந்தார். அந்தத் தோட்டத்துத் துளசியின் அடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் தோட்டம் வைத்துப் பூக்குடலையைத் தோளில் தாங்கியவர். ஆசார்யர்களின் காலத்தில் அந்த வழியை மேற்கொண்டு, திருவேங்கட மலையின் உச்சியில் மண்ணை வெட்டி நீரைத் தேக்கிப் பூந்தோட்டம் கண்டவர் அனந்தாழ்வான்.

காவிரிக் கரையிலிருந்து

காவிரி ஸ்ரீரங்கப்பட்டணத்தை இருபுறமும் தழுவி ஓடும் கன்னட தேசத்தில், கிரங்கனூர் என்றும் சிறுபுத்தூர் என்றும் வழங்கும் ஊரில், 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் திருவவதரித்தார். சித்திரை மாதத்துச் சித்திரை நட்சத்திரமே அவரது திருநட்சத்திரம் என்பது குருபரம்பரை வழக்கு. வசந்த ருதுவில் பிறந்தவர் பூவுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார் என்பது நினைக்க இனிமையாயிருக்கிறது. அவர் ஊர்ப் பக்கத்தில் ஓடிய காவிரிதான் மேட்டூரில் சேலத்துப் பூமியைத் தொட்டு, பரமத்தி வேலூரையும் மோகனூரையும் கடந்து திருவரங்கம் சேருகிறது. அவரும் அந்த நதியைப்போலத் திருவரங்கத்திற்கே வந்து சேர்ந்தார்.

அனந்தன் என்பது ஆதிசேஷனின் திருநாமம். அவரை ஆதிசேஷனுடைய அம்சமென்றே பெரியோர் கொண்டாடுவர். நாமக்கல் மலையின் மற்றொரு குடைவரையில் கார்க்கோடகன் என்னும் நாகத்தின்மேல் பள்ளிகொண்டிருக்கும் ஸ்ரீ ரங்கநாதரைச் சேவித்தவர்களுக்கு, எம்பெருமானுக்கு நாகம் எத்தனை நெருங்கிய அடிமை என்பது சொல்லாமலே விளங்கும். படுத்தால் படுக்கை, நடந்தால் குடை என்று எந்த நிலையிலும் தொண்டு செய்யும் அந்தச் சேஷனின் தன்மையை அனந்தாழ்வானின் வாழ்வில் அடிதோறும் காணலாம்.

அந்நாளில் திருவரங்கத்தில் ஸ்ரீராமானுஜர் (1017–1137) தரிசன நிர்வாஹம் செய்துகொண்டிருந்தார். எச்சான், தொண்டனூர் நம்பி, மருதூர் நம்பி ஆகியோருடன் அனந்தாழ்வானும் அவரை ஆச்ரயிக்க வந்தார். உடையவர் அவர்களைத் தாமே ஏற்றுக்கொள்ளாமல், தம் சீடரான அருளாளப்பெருமாள் எம்பெருமானாரிடம் ஆச்ரயிக்கும்படி நியமித்தருளினார். அருளாளப்பெருமாள் எம்பெருமானார் ஒரு காலத்தில் யஜ்ஞமூர்த்தி என்ற பெயரில் உடையவரோடு பல நாள் வாதம் செய்து, பின் அவர் திருவடியையே பற்றிய மஹாவித்வான். அவரோ, சிட்டுக்குருவியின் தலையில் பனங்காயைக் கட்டியதுபோல் இப்பெரும் பொறுப்பு தம்மீது வைக்கப்பட்டதென்று கூசி, உடையவர் திருவடிகளே தஞ்சமென்று இருக்குமாறு அந்நால்வருக்கும் உபதேசித்தார். தன்னைப் பெரியவனாக நினையாத ஒருவரிடத்தில் முதற்பாடம் கேட்கும் பாக்கியம் அனந்தாழ்வானுக்கு வாய்த்தது. ஆயினும் அந்தப் பாடம் முழுவதும் அவர் நெஞ்சில் இறங்குவதற்கு ஒரு மலையும் ஒரு கடப்பாரையும் வேண்டியிருந்தன.

எழுந்து நின்ற ஒருவர்

ஒருநாள் உடையவர் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்துகொண்டிருந்தார். மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி திருவேங்கடமுடையானைப் பற்றியது. ஒரு கணமும் விடாமல், எக்காலத்தும் எவ்விடத்தும் அவனுக்கு எல்லா அடிமையும் செய்யவேண்டும் என்று நம்மாழ்வார் தவிக்கும் இடம் அது. திருமலையில் பூக்கள் சிந்தி மணம் பரப்புவதையும் ஆழ்வார் அங்கே பாடுகிறார். அவ்விடத்தை விவரிக்கையில் உடையவரின் கண்களில் நீர் பெருகியது. ஆழ்வாரின் மநோரதப்படி திருமலையில் இருந்து, தோட்டம் வைத்து, எம்பெருமானுக்குத் திருமாலை ஸமர்ப்பிக்க இந்தக் கோஷ்டியில் யாரேனும் உண்டோ என்று அவர் வினவினார்.

கோஷ்டி மௌனமாயிருந்தது. அந்த மௌனத்தைக் குற்றமாகக் கொள்ளுதல் தகாது. அன்றைய திருமலை இன்றுபோல் ஜனசமுத்திரம் நிறைந்த க்ஷேத்திரமன்று. அடர்ந்த காடு, உடலை வாட்டும் குளிர், வனவிலங்குகளின் நடமாட்டம் ஆகிய இவற்றின் நடுவே திருக்கோயில் இருந்தது. அதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. உடையவரைப் பிரிந்து செல்ல அங்கிருந்த எவருக்கும் மனம் வரவில்லை. அவர் திருமுக மண்டலத்தைக் காணாத ஒரு நாளை அவர்களால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

அனந்தாழ்வான் எழுந்தார். ஆசார்யனைப் பிரிவது அவருக்கும் மரணத்தை ஒத்ததே. ஆனால் ஆசார்யனின் திருவுள்ளத்தில் ஒரு குறை இருக்க, அவர் அருகில் அமர்ந்து இன்புறுவது சிஷ்யனுக்கு அழகன்று என்று அவர் தெளிந்தார். கோஷ்டியில் இவர் ஒருவரே ஆண்பிள்ளை என்று உடையவர் உகந்து கொண்டாடினார். அதனால் அனந்தாண்பிள்ளை என்னும் திருநாமம் அவருக்கு நிலைத்தது. அவரது வம்சத்தாரும் அத்திருநாமத்தால் வழங்கப்படுகின்றனர்.

முதலில் நீர்

இளம் மனைவியுடன் அவர் திருமலை ஏறினார். ஸந்நிதிக்கு அருகே குடில் அமைத்துக்கொண்டு, அதை ஒட்டியே தோட்டத்துக்கான நிலத்தைத் திருத்தத் தொடங்கினார். வீடும் தோட்டமும் வேறு வேறாக அவருக்கு இருக்கவில்லை. கதவைத் திறந்தால் செடி. பறித்துத் திரும்பினால் திண்ணை. தொடுத்து எழுந்தால் ஸந்நிதி. பூ வாடுவதற்குள் பெருமாள் திருமேனியில் சேரவேண்டும் என்பதை உத்தேசித்தே அந்த இடம் அமைந்தது.

தோட்டம் வைக்க விரும்புகிறவர்கள் முதலில் எந்தச் செடி வைக்கலாம் என்றே எண்ணுவார்கள். அனந்தாழ்வான் முதலில் நீரை எண்ணினார். மலையில் மழை பெய்யாமலில்லை. ஆனால் பாறை நிலத்தில் பெய்த மழை நில்லாமல் ஓடிவிடும். மழைக்காலத்தில் தளிர்க்கும் செடி கோடையில் கருகினால், ஆண்டு முழுவதும் நடைபெறவேண்டிய திருமாலைக் கைங்கர்யம் பாதியில் நின்றுபோகும். திருமலை நம்பி என்னும் மஹான் ஆகாசகங்கையிலிருந்து தீர்த்தக் குடம் சுமந்து எம்பெருமானின் திருமஞ்சனத்துக்குத் தொண்டு புரிந்த மலை அது. அங்கே நீரின் அருமையை அறியாதவர் இருக்க இயலாது. ஆகவே பூந்தோட்டத்துக்கென்றே ஓர் ஏரி வெட்டுவதென்று அவர் நிச்சயித்தார்.

ஆட்களை அவர் அமர்த்தவில்லை. ஆசார்யன் தமக்கிட்ட பணியைத் தாமும் தம் மனைவியுமே செய்து முடிக்கவேண்டும் என்பது அவரது ஸங்கல்பம். அவர் கடப்பாரையால் மண்ணை இடித்துக் கூடையில் நிரப்புவார். அம்மையார் அதைத் தலையில் சுமந்து அப்பால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். அப்போது அம்மையார் கர்ப்பவதி. நாளாக ஆக அவருடைய நடை தளர்ந்தது. இருந்தும் கூடை நிற்கவில்லை.

கடப்பாரை

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு சிறுவன் வந்து நின்றான். பார்க்கப் பன்னிரண்டு வயதுப் பாலகன். கர்ப்பவதியான தாய் மண் சுமப்பதைக் கண்டு மனமிரங்கி, தானும் சுமப்பதாகச் சொன்னான். அனந்தாழ்வான் மறுத்தார். அவன் மீண்டும் வேண்டினான். இந்தக் கைங்கர்யத்தில் பங்கு கேட்கவேண்டாமென்று கடிந்து அவனை விரட்டினார். சிறுவன் போவதுபோல் போய், வழியின் திருப்பத்தில் காத்திருந்து அம்மையாரிடம் கெஞ்சினான். களைத்திருந்த அந்தத் தாய் கூடையைக் கொடுத்துவிட்டார். அன்றுமுதல் திருப்பம்வரை அவர் சுமப்பார். அங்கிருந்து அவன் சுமப்பான்.

கூடை முன்னைவிட விரைவாகத் திரும்பி வருவதை அனந்தாழ்வான் கவனித்தார். விசாரித்து உண்மையை அறிந்தபோது அவருக்குக் கோபம் பொங்கியது. தம் கைங்கர்யம் களவு போனதாகவே அவருக்குத் தோன்றிற்று. கையிலிருந்த கடப்பாரையைச் சிறுவன்மேல் வீசினார். அது அவன் மோவாயில் பட்டு ரத்தம் கசிந்தது. சிறுவன் ஓடினான். அவர் துரத்தினார். அவன் திருக்கோயிலுக்குள் புகுந்து மறைந்தான்.

ஸந்நிதியில் அர்ச்சகர்கள் திகைத்து நின்றிருந்தார்கள். திருவேங்கடமுடையானின் திருமோவாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அனந்தாழ்வானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் உடல் நடுங்கிற்று. பச்சைக் கற்பூரத்தைப் பொடித்து அந்தக் காயத்தில் அப்பினார். ரத்தம் நின்றது. அன்றுமுதல் இன்றுவரை திருவேங்கடமுடையானின் திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்பட்டு வருகிறது. மூலவரைச் சேவிக்கிற ஒவ்வொருவரும் அந்த வெண்மையைச் சேவிக்கிறார்கள். அந்தக் கடப்பாரை மஹாத்வாரத்தின் வலப்புறச் சுவரில் மேலே தொங்கவிடப்பட்டிருக்கிறது.

இந்தச் சரித்திரத்தை எம்பெருமானின் எளிமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சொல்லுவார்கள். அது பொருத்தமே. ஆனால் அனந்தாழ்வானின் பக்கத்தில் நின்றும் இதைச் சிந்திக்கவேண்டும். ஆசார்ய நியமனத்தைச் சிறிதும் குறைவின்றி நிறைவேற்றவேண்டும் என்ற அவரது உறுதியில் பழுதில்லை. ஆனால் பூப்பறிக்கவேண்டிய கை ஒரு குழந்தையின்மேல் இரும்பை வீசும்படி நேர்ந்ததே, அதற்குக் காரணம் யாது? தொண்டு தம்முடையது என்ற எண்ணம் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. செல்வத்தைத் தன்னுடையதென்று நினைப்பதைவிட, தொண்டைத் தன்னுடையதென்று நினைப்பது நுட்பமான அஹங்காரம். வெளியில் பார்ப்பவர்க்கு அது பக்தியாகவே தோன்றும். ஆதலால் அதைக் களைவதும் கடினம். மனைவியின் தளர்ச்சியைக் காணவிடாமல் அவர் கண்ணை மறைத்ததும் அதுவே. அந்தத் தளர்ச்சியைக் கண்டு கூடையை வாங்கிக்கொண்டவனோ ஸாக்ஷாத் பகவான். காயம் ஆறிய பின்னும் அடையாளத்தை அவன் நீக்கிக்கொள்ளவில்லை. சீடனைத் தண்டிக்கவும் இல்லை. அந்த அடையாளமே உபதேசமாயிற்று.

இராமானுசன் திருநந்தவனம்

ஏரி நிறைந்தது. பாத்திகள் பச்சை பிடித்தன. தோட்டத்துக்குத் தம் பெயரையோ தம் குலத்தின் பெயரையோ அவர் வைக்கவில்லை. ஆசார்யனின் திருநாமத்தால் இராமானுசன் திருநந்தவனம் என்று வழங்கலாயிற்று. பின்னர் உடையவர் திருமலைக்கு எழுந்தருளியபோது அந்தத் தோட்டத்தைக் கண்ணாரக் கண்டார். செடிகளின் செழிப்பையும் ஏரியின் நீரையும் பார்த்து, இந்தச் சீடனை வளர்த்ததன் பயனைத் தாம் பெற்றுவிட்டதாக மனம் குளிர்ந்து அருளினார். அனந்தாழ்வானின் நீண்ட உழைப்புக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாயிருந்தது.

தோட்டம் செழித்த பின் ஒரு வினோதம் நிகழ்ந்ததாகச் சொல்லுவர். காலையில் பறிக்கச் சென்றால் பூக்கள் குறைந்திருந்தன. யாரோ இரவில் வந்து பறிக்கிறார்கள் என்று உணர்ந்து அவர் மறைந்திருந்தார். அழகிய ராஜகுமாரனும் ராஜகுமாரியும் போன்ற இருவர் வந்தனர். அவர் பாய்ந்து சென்று அப்பெண்ணைப் பிடித்துச் சண்பக மரத்தில் கட்டிவிட்டார். கூட வந்தவனோ அகப்படாமல் கோயிலை அப்பிரதக்ஷிணமாகச் சுற்றி ஓடி மறைந்தான். காலையில் ஸந்நிதியில் எம்பெருமான் திருமார்பில் பிராட்டி இல்லை. மரத்தில் கட்டுண்டவள் உலகமாதா என்று உணர்ந்த அனந்தாழ்வான், தம் மகளைப் புக்ககம் அனுப்பும் தந்தையைப்போல், பூக்கூடையுடன் அவளை அழைத்துச் சென்று எம்பெருமானிடம் சேர்ப்பித்தார். இந்த முறை அவர் கையில் இரும்பு இல்லை. திருடியைக் கட்டியவர் தகப்பன் ஸ்தானத்தில் நின்று கன்யகாதானம் செய்தவராக ஆனார். புரட்டாசி பிரம்மோத்ஸவம் முடிந்த மறுநாள், மலையப்ப ஸ்வாமி அப்பிரதக்ஷிணமாக அந்தத் தோட்டத்துக்கு எழுந்தருளும் பாக் ஸவாரி உத்ஸவம் இந்த லீலையை நினைவூட்டி நடைபெறுகிறது.

மாலையும் பாம்பும் எறும்பும்

மற்றொரு நாள் அவர் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது எம்பெருமான் அழைப்பதாக ஸந்நிதியிலிருந்து ஆள் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மாலையைத் தொடுத்து முடித்து, அதை எடுத்துக்கொண்டே சென்றார். அழைத்தவுடன் வராததேன் என்று எம்பெருமான் கேட்டருள, மொட்டுகள் மலர்ந்துகொண்டிருந்தனவென்றும், மணம் போகுமுன் மாலை கட்டுவதே ஆசார்யன் தமக்கிட்ட பணியென்றும் விண்ணப்பித்தார். மலையைவிட்டே போகச்சொன்னால் என்ன செய்வதென்று எம்பெருமான் மேலும் சோதித்தான். இந்த மலை ஆதிசேஷனின் வடிவென்றும், எம்பெருமானே இங்கு வந்து குடியேறியவனென்றும், சற்று முன்வந்தவன் பின்வந்தவனைப் போகச்சொல்லுதல் முறையாகாதென்றும் அவர் துணிந்து கூறினார். பகவானோடு இப்படி வழக்காடும் உரிமை, தனக்கென்று ஒன்றும் வேண்டாதவர்க்கே உண்டு.

பூப்பறிக்கையில் ஒருமுறை பாம்பு தீண்டிற்று. அருகிலிருந்தவர்கள் பதறி மருந்துக்கு ஓடினார்கள். அவர் அமைதியாகக் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கடித்த பாம்பு வலியதானால் விரஜா நதியில் நீராடி ஸ்ரீவைகுண்டத்தில் தொண்டு செய்வதாகவும், கடியுண்ட பாம்பு வலியதானால் ஸ்வாமி புஷ்கரிணியில் நீராடித் திருவேங்கடத்தில் தொண்டு செய்வதாகவும் கூறினார். அனந்தன் என்ற தம் பெயரை வைத்து அவர் சொன்ன வேடிக்கை அது. மரணத்தின் வாயிலில் வேடிக்கை பேச எத்தனை பேரால் இயலும்?

வெளியூர்ப் பிரயாணமாக ஒரு சமயம் மலையிலிருந்து இறங்கினார். வழியில் பிரஸாத மூட்டையை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் ஊர்ந்தன. தட்டிவிட்டு உண்ண அவருக்கு மனமில்லை. திருமலையில் ஏதேனும் ஒன்றாகப் பிறக்கவேண்டும் என்று குலசேகராழ்வார் பிரார்த்தித்த மலையல்லவா அது. இந்த எறும்புகளும் அப்படி வேண்டிப் பெற்ற பிறவியாக இருக்கலாம். அவற்றைப் பிரித்துக் கொண்டுவந்தது அபசாரம் என்று அஞ்சி, மறுபடியும் மலையேறி அவற்றை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார். முன்னொரு நாள் ஒரு சிறுவனுக்கும் இடம் கொடாதவர், இன்று எறும்புக்காக மலையேறுகிறார். இந்த இரண்டுக்கும் இடையே அவர் வளர்ந்த வளர்ச்சிதான் அவருடைய மெய்யான சரித்திரம்.

கூரத்தாழ்வானின் குமாரரான பராசர பட்டரிடம் ஒருவர், ஸ்ரீவைஷ்ணவனின் லக்ஷணம் யாதென்று கேட்டார். பட்டர் தாமே விடை கூறாமல் அவரைத் திருமலைக்கு, அனந்தாழ்வானிடம் அனுப்பினார். வந்தவர் மாதங்கள் பல அங்கே தங்கினார். ஒரு ததீயாராதனத்தின்போது, கூட்டம் மிகுந்ததால் பந்தியிலிருந்து அவரை எழுப்பினார்கள். மறுபந்தியிலும் அவ்வாறே நேர்ந்தது. முகம் வாடாமல் அவர் காத்திருந்து கடைசியில் உண்டார். அதன் பிறகே அனந்தாழ்வான் விடை சொன்னார். கொக்கையும் கோழியையும் உப்பையும் வந்தவரையும் ஒத்திருப்பவனே வைஷ்ணவன் என்பது அந்த விடையின் கருத்து. கொக்கு தனக்குரியது வரும்வரை பொறுத்து நிற்கும். கோழி குப்பையைக் கிளறி மணியை மட்டும் பொறுக்கும். உப்பு தன்னைக் கரைத்துக்கொண்டு உணவுக்குச் சுவை தரும். வந்தவரோ, எழுப்பியபோதும் சினவாமல் இருந்தார். இதில் உப்பைப் பற்றிய கருத்து, ஏரிக்கரையில் அவர் தாமே கற்ற பாடம் என்று கொள்வதில் தவறில்லை.

ஸம்ஸ்கிருதத்தில் வேங்கடேச இதிஹாஸமாலை, கோதா சதுச்ச்லோகி, ராமானுஜ சதுச்ச்லோகி ஆகியவற்றை அவர் அருளிச்செய்தார். திருவாய்மொழிக்கு அவர் அருளிய தனியன் ஒன்றும் கோயில்களில் தினந்தோறும் அநுஸந்திக்கப்படுகிறது. இத்தனை வித்வத்து உடையவர் தம் நாள்களின் பெரும்பகுதியை மண்வெட்டுவதிலும் பூத்தொடுப்பதிலும் கழித்தார் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

திருமலையிலேயே அவர் பரமபதித்தார். ஆண்டாளின் திருநட்சத்திரமான திருவாடிப்பூரத்தன்று அது நிகழ்ந்தது என்பர். அவருடைய பிருந்தாவனம் அவர் வளர்த்த தோட்டத்திலேயே, மகிழ மரத்தின் அடியில் அமைந்தது. புரசைவாரித் தோட்டம் என்று இன்று வழங்குவது அதுவே. திருவாடிப்பூரத்தன்று மலையப்ப ஸ்வாமி உபய நாச்சிமாருடன் அங்கு எழுந்தருள, அந்த மகிழ மரத்துக்கு மாலை மரியாதை செய்யப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் எம்பெருமானுக்கு மாலை கொடுத்தவருக்கு எம்பெருமானே வந்து மாலை கொடுக்கிறான். ஏரியும் அனந்தாழ்வானின் பெயராலேயே வழங்குகிறது. திருமலைக்குப் புஷ்ப மண்டபம் என்ற திருநாமம் உண்டு. அங்கே பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கே உரியதென்று, மலைமேல் எவரும் தலையில் பூச்சூடுவதில்லை.

இல்லத்துக் கொல்லையில்

சேலம், நாமக்கல் சமவெளியில் பூவுக்குப் பஞ்சமில்லை. பனமரத்துப்பட்டிப் பகுதியின் அரளியும், சுற்றுக் கிராமங்களின் குண்டுமல்லியும் சம்பங்கியும் சேலம் வ.உ.சி. பூச்சந்தையை நாள்தோறும் நிறைக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பூவையும் எம்பெருமான் ஏற்றருளுகிறான். ஆயினும் தன் கையால் நீரூற்றி வளர்த்த செடியின் ஒரு பூவுக்கு உள்ள இனிமை வேறு. அனந்தாழ்வானின் சரித்திரத்தைக் கேட்டவர்கள் தங்கள் இல்லத்தில் ஒரு சிறு நந்தவனம் அமைப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான வந்தனம்.

இந்தப் பூமி பெரும்பாலும் செம்மண். பங்குனி, சித்திரை வெயில் கடுமையானது. வசந்த ருது பூக்கும் பருவமே தவிர, இளஞ்செடியை நடுவதற்கு ஏற்ற பருவமன்று. வசந்தத்தில் திட்டமிட்டு, மழைக்காலத்தில் நடுதல் நலம். பங்குனியில் நிலத்தைப் பார்த்து, அனந்தாழ்வானைப் பின்பற்றி முதலில் நீருக்கு வழிசெய்யவேண்டும். கிணற்றடி நீரும், பாத்திரம் கழுவாத தூய நீரும் எப்பக்கம் ஓடுகின்றன, வெயில் எங்கே விழுகிறது என்று அறிந்து பாத்திகளைக் குறிக்கவேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் ஓரடி நீள, அகல, ஆழத்தில் குழிவெட்டி வெயிலில் ஆறவிட்டு, மக்கிய தொழுவுரமும் மண்ணும் கலந்து நிரப்பவேண்டும். ஆடி மழை கண்டபின் குண்டுமல்லிப் பதியனை நடலாம். செடிக்குச் செடி நான்கடி இடைவெளி வேண்டும். குண்டுமல்லியைக் கார்த்திகையிலும் முல்லையைத் தை மாதத்திலும் கவாத்து செய்தால், கோடையில் பூ மிகுதியாகக் கிடைக்கும்.

துளசிக்கு மாடத்தில் முதலிடம். நந்தியாவட்டைக்கு அதிகப் பராமரிப்பு வேண்டியதில்லை. பவழமல்லிகையின் அடியில் இரவில் தூய துணியை விரித்து வைத்தால், விடியலில் உதிரும் பூக்களைச் சேர்க்கலாம். உதிர்ந்த பூ ஆகாது என்ற விதிக்கு அது விலக்கு. மகிழும் சண்பகமும் பெருமரமாகும். சுவரை விட்டுத் தள்ளி வைக்கவேண்டும். மருவுக்கு ஒரு தொட்டி போதும். நீராடிய பின், முகர்ந்து பாராமல் பறிக்கவேண்டும். துவாதசியன்று துளசி பறித்தல் கூடாது.

இவ்விதிகளை எல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. தோட்டத்துக்கு ஒரு குழந்தை வந்து, தானும் நீர் ஊற்றுகிறேன் என்று குடத்தைக் கேட்கலாம். பாதி நீரை வழியிலேயே சிந்தலாம். பூக்கும் முன்பே மொட்டைக் கிள்ளலாம். அந்த வேளையில் சினம் எழுமானால், திருவேங்கடமுடையானின் திருமோவாயில் உள்ள பச்சைக் கற்பூரத்தை ஒருகணம் நினைத்துக்கொண்டு, குடத்தை அதன் கையில் கொடுத்துவிடுதல் நலம்.

ஸ்ரீ நாமகிரித் தாயார் ஸமேத ஸ்ரீ நரசிம்ஹப் பெருமாள் திருவருளால் இல்லந்தோறும் பூ மலர்க. உள்ளந்தோறும் தொண்டு மலர்க.

அனந்தாழ்வான் திருவடிகளே சரணம்.